வள்ளி திருமணத்தை இரண்டு மணி நேரத்தில் ஆட முடியுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். வாசகசாலை நண்பர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து, வரும் தை மாதம் ‘வள்ளி திருமணம்’ இசை நாடகத்தை இரண்டு மணி நேரத்துக்குள் மேடையேற்ற விரும்புகிறீர்கள். உங்களில் இருவருக்கு மட்டும் கர்நாடக சங்கீதம் தெரியும். மற்றவர்கள் மேடையில் பாடியதில்லை. எதையெல்லாம் வெட்டலாம், பாட்டுகளை முன்பே ஒலிப்பதிவு செய்துகொண்டு வாயசைத்தால் போதுமா, யாரிடமாவது உரிமை வாங்க வேண்டுமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அவற்றுக்கு அடியில் நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று இருப்பதாகத் தோன்றுகிறது. விடிய விடிய ஆடுவதற்கென்றே வளர்ந்த ஒரு கலையை, பகலில் வேலைக்குப் போய் மாலையில் கூடுகிறவர்கள் எடுத்து ஆடினால் அதில் உயிர் இருக்குமா என்பதுதான் அது. உங்களைத் தயங்க வைப்பது அந்தச் சந்தேகம் என்றே நினைக்கிறேன். இருக்கும் என்பது என் பதில். எப்படி என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் தொழில்முறை நாடகக்காரன் அல்லன். பள்ளி ஆசிரியர். நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரிடம் எட்டு ஆண்டுகள் கற்றேன். அதன்பின் இருபத்தாறு ஆண்டுகளாக ஓர் அமெச்சூர் குழுவுக்கு ஆர்மோனியம் வாசித்துப் பாட்டும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். எங்கள் குழுவில் தபால்காரர், தையற்காரர், செவிலியர், கல்லூரி மாணவர்கள் என்று எல்லோரும் இருந்திருக்கிறார்கள். ஆகையால் பாடத் தெரியாதவர்களைப் பாட வைப்பது பற்றி உறுதியாகப் பேச முடியும். ஊர்த் திருவிழாக்களில் விடியும்வரை ஆடும் தொழில்முறை இசை நாடகமான ‘ஸ்பெஷல் நாடக’த்தில், இரவு முழுவதும் மேடையில் நின்று பழகிய கலைஞர்களுக்குத் தெரிந்ததில் பாதிகூட எனக்குத் தெரியாது. தெருக்கூத்து பற்றிக் கேட்டிருந்தால் பதிலே எழுதியிருக்க மாட்டேன். அது வேறு பயிற்சி, வேறு உடம்பு.

முதலில், வெட்டுவது பற்றி. ஊர்த் திருவிழாக்களில் நடக்கும் வள்ளி திருமணம் இரவு பத்து மணி வாக்கில் தொடங்கி விடியும்வரை போகும். முதலில் சிரிக்க வைக்கும் பபூன் வருவார், பிறகு நடனக்காரி, இருவருக்கும் இடையே பேச்சும் பாட்டும். அதன்பின்தான் கதை. வள்ளி தினைப்புனம் காப்பது, நாரதர் வந்து வாதிடுவது, முருகன் வேடனாக வருவது, கிழவனாக வருவது, யானை, திருமணம். இந்த ஏழெட்டு மணி நேரத்தை இரண்டு மணி நேரமாக்க வேண்டும் என்றதும் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: ஒவ்வொரு காட்சியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளுவார்கள். பாட்டுக்கு ஒரு சரணம், வாதத்துக்கு மூன்று கேள்வி, தாளமில்லாமல் ராகத்தில் பாடும் செய்யுளான விருத்தத்தில் பாதி. விளைவு, கதைச் சுருக்கத்தை வேடம் போட்டுக்கொண்டு படித்துக் காட்டுவதுபோல் ஆகிவிடும். வள்ளியை முருகன் மணப்பான் என்பது அரங்கில் இருக்கும் குழந்தைக்குக்கூடத் தெரியும். கந்தபுராணம் கேட்ட ஊரில் கதை தெரிந்துகொள்ள யாரும் நாடகத்துக்கு வருவதில்லை. ஒரு கேள்விக்கு வள்ளி என்ன பதில் சொல்லப்போகிறாள், அந்த விருத்தத்தின் கடைசி அடியை இவன் எப்படி முடிக்கப்போகிறான் என்று பார்க்கத்தான் வருகிறார்கள். அந்த இடங்களைக் கிள்ளினால் மிச்சமிருப்பது எல்லோருக்கும் தெரிந்த கதை மட்டும்.

எனவே என் யோசனை: முழு இரவையும் சுருக்காதீர்கள். இரவிலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டு அதை முழுதாக ஆடுங்கள். தினைப்புனத்தில் பறவைகளை விரட்டி வள்ளி பாடும் ஆலோலப் பாட்டில் தொடங்கி, நாரதர் தர்க்கம், வேடன் வருகை, இவ்வளவோடு நிறுத்திக்கொண்டாலே இரண்டு மணி நேரம் நிறைந்துவிடும். யானையும் கல்யாணமும் இல்லாமல் முடிப்பதா என்று உங்கள் குழுவில் யாராவது வருந்துவார்கள். கடைசியில் ஐந்து நிமிடத்தில் திருமணக் கோலத்தைக் காட்டி மங்களம் பாடிவிடலாம். பார்ப்பவர்கள் இடையில் விட்டதைத் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள். இது நான் கண்டுபிடித்த வழி அன்று. யாழ்ப்பாணத்தில் நடிகமணி வி. வி. வைரமுத்து தம் வசந்த கான சபையோடு பல பத்தாண்டுகள் ஆடிப் பெயர் பெற்றது அரிச்சந்திரன் கதையின் ‘மயான காண்டம்’ ஒன்றில்தான். நாடு துறந்ததும் மனைவியை விற்றதும் எல்லாம் நடந்து முடிந்த பிறகு, சுடலை காக்கும் அரிச்சந்திரனிடம் இறந்த மகனைத் தூக்கிக்கொண்டு சந்திரமதி வந்து நிற்கும் இடம். கால் பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்கிற கணவன், கணவன் கண்ணுக்கு மட்டுமே தெரியும் தாலி. அந்த ஒரு துண்டுக்குள் முழுக் கதையின் கனமும் இறங்கிவிடுகிறது. முன்கதையைத் தனியாக ஆடிக் காட்ட வேண்டிய தேவையே இல்லை.

அமெச்சூர்கள் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டுவதும் புதிதன்று. பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது, நாடகமாடுவது படித்தவர்களுக்கு இழுக்கு என்ற எண்ணம் வலுவாக இருந்தது. வழக்கறிஞர்களும் அலுவலர்களும் மேடையேறி அந்த எண்ணத்தை உடைத்தார்கள். சம்பந்த முதலியார் எடுத்த வழி உரைநடை நாடகம். பாட்டின் ஆட்சியைக் குறைத்துப் பேச்சுக்கு இடம் கொடுத்தார். அது ஒரு நல்ல வழி. ஆனால் நீங்கள் வள்ளி திருமணத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள். இந்த நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டைக் குறைத்துப் பேச்சைக் கூட்டினால் அது இரண்டுங்கெட்டானாக நிற்கும். பேச்சு நாடகம்தான் உங்களுக்கு ஒத்துவரும் என்றால் நாடகத்தையே மாற்றிக்கொள்ளுங்கள்.

சுவாமிகள் பெயரைச் சொல்லும்போது உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் பிரித்துவிடுவது நல்லது. 1867இல் பிறந்தவர், 1922இல் புதுச்சேரியில் மறைந்தவர். 1918இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்ட நாடக சபை ஒன்றை அமைத்தார், பின்னாளில் புகழ்பெற்ற நாடகக் கலைஞர்களான டி. கே. எஸ். சகோதரர்கள் அதில் சேர்ந்து வளர்ந்தவர்கள். வெண்பா, விருத்தம், கலித்துறை, சந்தம், சிந்து என்று மரபு யாப்பையெல்லாம் மேடைக்கு வேலை செய்ய வைத்தவர். இவற்றில் ஐயமில்லை. அவர் எழுதிய நாடகங்கள் எத்தனை என்பதில் ஆளுக்கொரு கணக்கு இருக்கிறது. அதைவிட முக்கியம், இன்று வள்ளி திருமணம் என்ற பெயரில் உங்கள் கைக்குக் கிடைக்கும் பிரதியில் எவ்வளவு அவருடையது என்பது. மேடையில் நடிகர்கள் சேர்த்த பாட்டுகள், அச்சிட்டவர்கள் சேர்த்தவை, திரைப்படத்திலிருந்து திரும்பி வந்தவை எல்லாம் கலந்து கிடக்கின்றன. இரண்டு மூன்று பிரதிகளை அருகருகே வைத்துப் படியுங்கள். எல்லாவற்றிலும் ஒன்றுபோல் இருக்கும், யாப்பு தட்டாத பாடல்களை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே நான் பின்பற்றும் வழி. இது ஒரு பாட்டுக்காரனின் நடைமுறை. பதிப்பாசிரியரின் முறைமை என்று யாரும் கொள்ள வேண்டாம்.

பிரதியில் கை வைப்பது பாவமோ என்று அஞ்சவும் வேண்டாம். அந்தச் சகோதரர்களில் ஒருவரான டி. கே. சண்முகம் தம் ‘எனது நாடக வாழ்க்கை’யில் எழுதியிருக்கிறார்: சிறுவனான தமக்கேற்ற நாடகம் ஒன்று வேண்டும் என்று சுவாமிகள் ஓர் இரவிலேயே உட்கார்ந்து ‘அபிமன்யு சுந்தரி’யை எழுதி முடித்தாராம். கையில் இருக்கும் நடிகனைப் பார்த்து எழுதியவர் அவர். உங்களிடம் இருக்கும் பன்னிரண்டு பேரைப் பார்த்து நீங்கள் பாடல்களைத் தேர்ந்தெடுப்பது அவர் வழிக்கு மாறானதன்று. பழைய வாதங்களில் சாதி பற்றியும் பெண்கள் பற்றியும் வரும் இழிவான வரிகளை நான் தயக்கமின்றி நீக்கிவிடுவேன். பபூன் காட்சியில் வரும் இரட்டை அர்த்தப் பேச்சுக்கும் அதே கதிதான். ஆனால் பபூனையே நீக்கிவிடாதீர்கள். பின்வரிசையில் இன்னும் நாற்காலி தேடிக்கொண்டிருப்பவர்களை உட்கார வைப்பதும், கூட்டத்தின் காதை ஆர்மோனியத்தின் சுருதிக்குப் பழக்குவதும் அவர் வேலை. பத்து நிமிடம் போதும்.

இனி ஒலிப்பதிவு. இதில் எனக்கு இரண்டு கருத்தில்லை: வேண்டாம். காரணத்தை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். எங்கள் முதல் மேடையில் பாட்டுகளை ஒலிநாடாவில் பதிவு செய்து வைத்திருந்தோம். வள்ளியாக நடித்த பெண்ணுக்கு நல்ல குரல். பயம் காரணமாகத்தான் பதிவு செய்தோம். ஆலோலப் பாட்டு முடிந்ததும் முன்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் எழுந்து நின்று “ஒன்ஸ்மோர்” என்றார். அந்தக் காலத்து நாடக ரசிகர். நாலாபுறமும் அதே குரல் கிளம்பியது. அந்தப் பெண் எங்களைப் பார்த்தாள். நாடாவில் அடுத்த பாட்டு ஓடத் தொடங்கியிருந்தது. அவள் வாயசைத்தாள். முதியவர் மெல்ல உட்கார்ந்துவிட்டார். அதன்பின் அந்த அரங்கில் யாரும் எதையும் கேட்கவில்லை. பார்ப்பவர் கேட்டால் பாடுகிறவர் தர வேண்டும். இந்த நாடகம் அந்த உறவின் மேல்தான் நிற்கிறது. அன்றிரவு அந்த உறவை நாங்கள் அறுத்தோம் என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது. அடுத்த ஆண்டே ஒலிநாடாவை விட்டுவிட்டோம். குரல் நடுங்கினாலும் மேடையிலேயே பாடினோம். கூட்டம் நடுக்கத்தை மன்னித்தது.

அப்படியென்றால் ஆர்மோனியம் வாசிப்பவர் கட்டாயம் வேண்டும். உங்கள் செலவில் எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள். திரைச்சீலை வாடகை, ஜரிகை உடை, விளக்கு எல்லாவற்றையும் குறைத்து, நாடகம் வாசித்துப் பழகிய ஒருவரை அழையுங்கள். கச்சேரிக்கோ பஜனைக்கோ வாசிப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இது அவருக்குப் புதிது. நாடக ஆர்மோனியக்காரர் பாடுபவரின் உதட்டைப் பார்த்து வாசிப்பார். விருத்தத்தில் ஓர் அடி முடிந்து மூச்சு வாங்கும் இடைவெளியை நிரப்புவார். நடிகர் அடுத்த வரியை மறந்துவிட்டால் அந்த இடைவெளியை நீட்டிக் கொடுத்து, பின்பாட்டில் முதல் சொல்லை எடுத்துக் கொடுப்பார். வசனத்துக்கு நடுவில் ஒரு சுரத்தைத் தொட்டு அடுத்த பாட்டின் சுருதியை நடிகரின் காதில் போட்டுவிடுவார். ஆர்மோனியத்தில் கமகம், அதாவது சுரத்தை அசைத்தும் வளைத்தும் பாடும் நயம், பேசாது என்ற குறை சரியான குறைதான். 1940இல் வானொலி அதை விலக்கி வைத்ததற்கும் அதுபோன்ற காரணங்களே சொல்லப்பட்டன. ஆனால் மேடையில் கமகத்தைப் பாடுபவர் பார்த்துக்கொள்கிறார். தடுமாறாமல் நிற்கும் சுருதியைத்தான் நடிகன் தேடுகிறான், அதை இந்தப் பெட்டி தருகிறது. மிருதங்கம் ஒருவர், தாளம் போட ஒருவர் இருந்தால் போதும். டோலக், தபேலா, யானை வரும் ஓசை, இடி ஓசை எல்லாவற்றையும் ஒருவரே பார்த்துக்கொள்ளும் ‘ஆல்ரவுண்ட்’ கிடைத்தால் பாக்கியம்.

பாடத் தெரியாதவர்கள் பற்றி நீங்கள் கவலைப்படுவது பெரும்பாலும் சுருதிக் கோளாறால் வரும் கவலை. பழைய நடிகர்கள் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைக் குறிக்கும் அளவு) பாடினார்கள் என்று கேட்டுவிட்டு நாமும் அங்கே ஏறப் பார்க்கிறோம். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி ஆள் வரைக்கும் குரல் போக வேண்டியிருந்தது. குரல் உடையாத சிறுவர்கள் பல வேடங்களை ஏற்றார்கள். அதனால் அந்த உயரம் பழகியது. இன்று அந்தக் கட்டாயம் இல்லை. சாதாரண ஆண் குரலுக்கு ஒரு கட்டை, பெண் குரலுக்கு ஐந்து கட்டை வைத்துக்கொள்ளுங்கள். தர்க்கப் பாட்டில் நாரதரும் வள்ளியும் மாறி மாறிப் பாடும்போது என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஒரு கட்டையின் பஞ்சமம்தான் (‘ப’ சுரம்) ஐந்து கட்டையின் சட்ஜம் (‘ச’ சுரம்). நாரதர் தம் அடியைப் பஞ்சமத்தில் நிறுத்தினால் வள்ளி அதையே ஆதார சுருதியாகப் பிடித்துத் தொடங்கிவிடலாம். கேட்பவர் காதுக்குத் தடை தெரியாது. இந்த ஒரு வசதியால் எங்கள் குழுவில் எத்தனையோ பேர் பாடகர்களானார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘காயாத கானகத்தே’ என்று தொடங்கும் பாட்டை 1945இல் வந்த ‘ஸ்ரீ வள்ளி’ படத்தில் டி. ஆர். மகாலிங்கம் பாடியதை உங்கள் ஊரில் பலர் மனத்தில் வைத்திருப்பார்கள். அந்த உயரத்தோடு போட்டி போடாதீர்கள். தாழ்ந்த சுருதியில், ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழும்படி பாடுங்கள். அந்தப் பாட்டின் சொல்லழகு பலருக்கு அப்போதுதான் முதன்முதலாகக் காதில் விழும்.

மூன்று மாதம் இருக்கிறது என்றால் முதல் மாதம் யாரும் எழுந்து நிற்கவே வேண்டாம். ஆர்மோனியத்தைச் சுற்றி உட்காருங்கள். விருத்தங்களை ராகமில்லாமல் பதம் பிரித்துப் படியுங்கள். எங்கே சீர் முடிகிறது, எங்கே பொருள் முடிகிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் பல இடங்களில் வேறு வேறாக இருக்கும். புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, விருத்தத்துக்குத் தாளம் இல்லை என்ற சுதந்திரத்தில் ஆலாபனையை இழுத்துச் சொல்லை விழுங்குவது. பொருள் முடியும் இடத்தில் மட்டும் இழுங்கள். சங்கீதம் தெரிந்த அந்த இருவரிடமும் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்கள், ஏனென்றால் இந்தத் தவறு அவர்களுக்குத்தான் எளிதில் வரும். கச்சேரிப் பயிற்சி ராகத்தை முன்னிறுத்தும். நாடகத்தில் நாரதர் வள்ளியிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது ஒரு கணமும் மறைந்துவிடக் கூடாது. மோகனம், காபி, செஞ்சுருட்டி, ஆனந்தபைரவி போன்ற காதுக்குப் பழகிய ராகங்களோடு நில்லுங்கள்.

தர்க்கம்தான் உங்கள் நாடகத்தின் நடுத்தூண், அதற்குத்தான் அதிக நாள் தேவை. ஸ்பெஷல் நாடகத்தில் ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியாக ஒப்பந்தம் செய்து அழைக்கிறார்கள். நாரதராக வருபவரும் வள்ளியாக வருபவரும் அன்றிரவுதான் சந்தித்துக்கொள்ளக்கூடும், ஒத்திகை கிடையாது. இருவரும் எதிரெதிரே நின்று குறளையும் நாலடியாரையும் ஔவையாரையும் எடுத்து வீசுவார்கள். பல ஆண்டுப் பாடம் மனத்தில் இருப்பதால் அது முடிகிறது. உங்களிடம் அந்தப் பாடம் இல்லை. அவர்களுக்குக் கிடைக்காத ஒன்று உங்களிடம் இருக்கிறது: ஒத்திகை. அதை வைத்து இப்படிச் செய்யுங்கள். தர்க்கத்தில் ஐந்து முடிச்சுகளை முன்பே தீர்மானியுங்கள். தனியே இருக்கும் பெண்ணே நீ யார், காவல் எதற்கு, இல்லறமா துறவறமா, குலம் பெரிதா குணம் பெரிதா, கடைசியாக முருகன் பெயர். ஒவ்வொரு முடிச்சும் எந்த வரியில் தொடங்கி எந்த வரியில் அவிழும் என்பது மட்டும் மாறக் கூடாது. உள்ளே என்ன பேசுவது என்பதை இருவரிடமும் விட்டுவிடுங்கள். இருவரும் ஆளுக்கு இருபது செய்யுள் பொருளோடு மனப்பாடம் செய்யட்டும். ஒருவர் பட்டியலை மற்றவருக்குக் காட்ட வேண்டாம். ஒத்திகைக்கு ஒத்திகை ஒருவரை ஒருவர் திகைக்க வைப்பார்கள். வள்ளி பதிலுக்காக உண்மையாகவே ஒரு கணம் யோசிப்பதைக் கூட்டம் பார்க்கும்போது அரங்கத்தில் ஓர் அமைதி இறங்கும். இருபத்தாறு ஆண்டுகளில் எனக்குப் பிடித்த கணங்கள் எல்லாம் அந்த அமைதியில்தான் இருக்கின்றன. எழுதி வைத்து ஒப்பித்தால் அது வராது. முழுக்க விட்டுவிட்டாலும் வராது. புதியவர்கள் பத்து நிமிடத்தில் சொல் வற்றி ஒரே குறளைத் திரும்பச் சொல்வார்கள்.

வள்ளியாக யாரைப் போடுவது என்ற கேள்வியும் உங்களுக்கு எழும். குரல் நன்றாக இருப்பவரையா, வாதத்தில் சளைக்காதவரையா? குரல்களைக் கேட்காமல் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் இருவரில் ஒருவர் என்றால் இரண்டாமவரை எடுப்பேன். மூன்று மாதத்தில் நான்கு பாட்டைச் சொல்லிக்கொடுத்துவிடலாம். எதிரில் நிற்பவரின் சொல்லைக் காதுகொடுத்துக் கேட்டுப் பதில் சொல்லும் இயல்பை அந்தக் காலத்துக்குள் சொல்லிக்கொடுக்க முடிந்ததில்லை, எனக்காவது. இதில் என்னோடு மாறுபடும் பயிற்சியாளர்கள் உண்டு. அழகான குரல் பத்துக் குறையை மறைக்கும் என்பார்கள். அவர்கள் மேடைகளும் நன்றாகத்தான் இருக்கின்றன.

உரிமை பற்றிய கேள்வி. நான் வழக்கறிஞன் அல்லன் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள். இந்தியாவில் ஒரு படைப்பின் பதிப்புரிமை அதை எழுதியவர் மறைந்த பிறகு அறுபது ஆண்டுகள் இருக்கும். 1922இல் மறைந்த சுவாமிகளின் எழுத்துக்கு அந்தக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. பிற்காலத்தவர் எழுதிச் சேர்த்த பாடல்களுக்கும் திரையிசை மெட்டுகளுக்கும் உரிமை உயிரோடு இருக்கக்கூடும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் உங்களைப் போன்றவர்களுக்கென்றே ஒரு விலக்கு இருக்கிறது: பயில்முறை (அமெச்சூர்) கழகமோ சங்கமோ கட்டணம் செலுத்தாத பார்வையாளர்களுக்கு முன்னால், அல்லது ஒரு சமய நிறுவனத்தின் நன்மைக்காக, இலக்கிய, நாடக, இசைப் படைப்பை நிகழ்த்தினால் அது உரிமை மீறலாகாது. டிக்கெட் போட்டு விற்றால், சமய நிறுவனத்துக்காக இல்லாதபட்சத்தில், அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது. அந்த வாசகம் நிகழ்த்துவதைப் பற்றித்தான் பேசுகிறது. வேறு யாரோ பாடிய ஒலிப்பதிவை ஓடவிடுவதையும், உங்கள் நாடகத்தைக் காணொளியாக இணையத்தில் ஏற்றுவதையும் அதற்குள் அடக்கிப் பார்க்காதீர்கள். பழைய பாடல்களோடு நின்றுவிட்டால் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை. திறந்தவெளியில் ஆடுவதாக இருந்தால், இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்குத் தடை என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் இருக்கிறது. மாலை ஆறரைக்குத் தொடங்கிவிடுங்கள்.

மேடை அமைப்பில் ஒன்றே ஒன்று. இசைக்காரர்களை மேடைக்குக் கீழேயோ திரைக்குப் பின்னாலோ உட்கார வைக்காதீர்கள். மேடையின் மேலேயே ஓரமாக, நடிகர்களின் முகம் தெரியும்படி உட்காரட்டும். பார்வையாளருக்கும் அவர்கள் தெரியட்டும். நாரதர் ஒரு நல்ல விருத்தத்தை முடிக்கும்போது ஆர்மோனியக்காரர் தலையசைப்பதும் நாடகத்தின் பகுதிதான். சட்டையில் மாட்டும் மைக் வைத்தால் பாடுபவர் காதுக்கு ஆர்மோனியம் கேட்பதற்காக மேடைக்குள் திருப்பி ஓர் ஒலிபெருக்கி வையுங்கள். எங்கள் மேடைகளில் சுருதி விலகியதில் பெரும்பகுதி, பாடியவருக்கு ஆர்மோனியம் காதில் விழாததால் நேர்ந்தது. அரங்கத்தின் ஒலியாளரிடம் இதை முன்பே சொல்லி, நாடகத்துக்கு முதல் நாள் ஒரு பாட்டாவது அங்கேயே பாடிப் பாருங்கள்.

முதல் மாத ஒத்திகை முடிந்ததும் நாரதர், வள்ளி, வேடன் மூவரும் எந்தக் கட்டையில் களைப்பில்லாமல் பாடுகிறார்கள் என்றும், எந்தப் பிரதிகளை ஒப்பிட்டுப் பார்த்தீர்கள் என்றும் இங்கேயே எழுதுங்கள். ஆலோலப் பாட்டுக்கும் வேடன் வருகைக்கும் எந்த ராகம் உங்கள் குரல்களுக்குப் பொருந்தும் என்று அதை வைத்துச் சொல்கிறேன். அதுவரை வள்ளியாக நடிப்பவர் தினமும் காலையில் கால் மணி நேரம் ஐந்து கட்டையில் சட்ஜத்தை மட்டும் பிடித்து நிற்கட்டும்.